அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்தவை

(வியாசர்பாடியில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

சமீபத்தில் படித்த நாவல்களையும் தன்வரலாறுகளையும் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லி நூலகர் கேட்டார். தனியாகப் படித்தது ஒன்றும் இல்லையே சார் என்றேன். ஒன்றரை வருடமாக நான் படித்த புத்தகம் எல்லாமே என் அம்மாவுக்காக வாய்விட்டுப் படித்தவை. அதனால் நான் சொல்லப்போவதில் பாதி அவருடையது. அவரையும் அழைத்துவர ஆசைதான். இந்த மாடிப்படி அவரால் முடியாது.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் நீர் அழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, எழுத்து தெரியாமல் போய்விட்டது. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்துக்கொண்டவர் அவர். எனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்ததும் அந்தத் தைத்த புத்தகங்களில்தான். பார்வை போனதும் நாள் முழுக்க டிவியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், “அத நிறுத்திட்டு எதாவது படிம்மா” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

எனக்குத் தையல் வேலை. எட்டு மணிக்கு மிஷினை மூடி, சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் படிப்பேன். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு என்பதால் ரயில் வந்தால் நிறுத்தியாக வேண்டும். கூட்ஸ் வண்டி என்றால் இன்னும் கொஞ்ச நேரம். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் அம்மா வாயைத் திறப்பார். அப்போது அவர் சொல்வதைக் கேட்பதற்காகவே நான் ரயிலை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வாய்விட்டுப் படிக்கும்போது எதையும் தாண்டிப் போக முடியாது. தனியாகப் படித்தால் வர்ணனை நீளும்போது கண் தானாகக் கீழே இறங்கிவிடும். அம்மாவிடம் அது நடக்காது. “நடுவுல எதையோ வுட்டுட்ட” என்பார். திரும்பப் போய்ப் பார்த்தால் நான்கு வரி விட்டுப் போயிருக்கும்.

முதலில் எடுத்தது பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்தது. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்கிறதே, அதுதான் கருக்கு. பல வருடம் முன்னால் இதை மனசுக்குள் படித்தபோது முழுக்க முழுக்க வேதனை சொல்லும் புத்தகம் என்று நினைத்திருந்தேன். வாய்விட்டுப் படித்தபோது அது சிரித்தது. பிள்ளைகளின் விளையாட்டு, பட்டப்பெயர்கள், தின்பண்டம், காடுமேடு சுற்றுவது எல்லாம் அந்த ஊர்ப் பேச்சில் வரும்போது எனக்கே குரல் குதித்தது. சென்னைக்காரியான என் நாக்குக்கு முதல் பத்துப் பக்கம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் அந்தப் பேச்சே என்னை இழுத்துக்கொண்டு போனது.

அதில் ஓர் இடம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெருவில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சிறுமி பாமாவுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. கை பட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான். நான் அந்தச் சிறுமியோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே படித்து வந்தேன். அண்ணன் சொல்லும் வரி வந்தபோது குரலை மாற்ற முடியவில்லை. சிரிப்பு பாதி தொண்டையிலேயே இருந்தது. ஒரு ரயில் போனது. அம்மா சொன்னார்: “அந்தப் பொண்ணு சிரிச்சதுக்கும் சேத்து அழுதிருக்கும்.” ‘கருக்கு’ பற்றி வந்த கட்டுரைகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி எனக்குப் போதும்.

பின்பகுதியில், கன்னியாஸ்திரி மடத்துக்குள் போய் அங்கிருந்து வெளியே வந்ததை அவர் சொல்லும் இடங்களில், சொன்னதே திரும்ப வருவதாக முன்பு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. புண் ஆறிவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவர் அப்படித்தான் பேசுவார்.

அடுத்து அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. இது சின்ன நாவல், ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. சென்னையில் தண்ணீர் வராத ஒரு தெரு, சினிமாவை நம்பிக் கெட்டுப்போன ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. குடத்தோடு வரிசையில் நிற்கிற கதையை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். 2019 கோடையில் புழல் ஏரி தரை தெரிந்து கிடந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு லாரித் தண்ணீருக்காக எழுந்தவர்கள் இந்த அறையிலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். ஆனால் அம்மாவைப் பிடித்து நிறுத்தியது தண்ணீர் இல்லை, டீச்சரம்மா. வயதில் மிக மூத்த, இருமிக்கொண்டே இருக்கும் புருஷனுக்குச் சின்ன வயதில் வாழ்க்கைப்பட்டவள், சாகத் துணிந்த ஜமுனாவிடம் தன் கதையைச் சொல்கிற இடம். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒருத்தி இன்னொருத்தியை நிமிர வைக்கிறாள். அம்மா அந்தப் பகுதியை மறுநாளும் படிக்கச் சொன்னார்.

ஒரு நாவலை மட்டும் எண்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டோம். பெயர் சொல்லவில்லை. நம் ஊரை வைத்து எழுதியது என்று ஆசையாக எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்தே கத்தி, ரத்தம், கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தையை அம்மா முன்னால் படிக்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் அம்மாவின் பிரச்சினை அதுவே இல்லை. “இந்த ஊர்ல யாருமே சோறு ஆக்கலியா?” என்று கேட்டார். அன்றோடு மூடி வைத்தேன். வடசென்னையைப் பற்றி எழுதப்போகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், என் அம்மாவின் கேள்வியை உங்களிடம் கொடுக்கிறேன். விடியற்காலையில் காசிமேட்டுக்குக் கூடையோடு ஓடுகிறவளும், மூலக்கொத்தளத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவளும், பிள்ளை ஃபீஸுக்கு மோதிரத்தை அடகு வைக்கிறவளும் எந்தப் பக்கத்தில் வருவார்கள்?

காசிமேடு என்றதும் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ ஞாபகம் வருகிறது. 2004இல் வந்த பெரிய நாவல், தெற்கே ஆமந்துறை என்ற கடற்கரை ஊரின் கதை. கடலில் தத்தளிக்கிற மூன்று பேரின் கதை ஒரு பக்கம், அந்த ஊரின் ஐம்பது வருடம் இன்னொரு பக்கம். கடல் பேச்சும் பரதவர் வழக்கும் நிறைந்தது. எனக்குப் பாதிச் சொல் வாயில் வரவில்லை. அப்போதுதான் ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் அக்கா ஒருவர் வந்தார். காசிமேட்டில் மீன் விற்கிறவர். கொண்டல், சோழகம், வாடை என்று காற்றின் பெயர்கள் வருகிற இடத்தில் நான் தடுமாற, அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சில சொற்களுக்கு, “எங்க பக்கம் இத வேற மாதிரி சொல்லுவோம்” என்றார். சிலவற்றைக் கையால் காட்டினார். கட்டுமரம் கவிழ்ந்தால் எதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும் என்று எங்கள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக் காட்டினார். அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவரும் வந்து கேட்டார். கடலில் கிடப்பவர்களைப் பற்றிய அத்தியாயம் வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்க வேண்டாம் என்றார்.

அதற்கப்புறம் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. இதை முடிக்க நாலரை மாதம் ஆனது. 122 அத்தியாயம். “அவரு பெரிய பண்டிதராச்சே, நமக்குப் புரியுமா?” என்று அம்மா பயந்தார். நானும் பயந்தேன். பிரித்துப் பார்த்தால் அது தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கிறது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது அல்லவா, வாரா வாரம் காத்திருக்கிறவர்களுக்காக எழுதிய பேச்சு அது. பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி மகனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

எல்லாரும் சொல்கிற இடம், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திப்பது. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் போடுகிறார். முதலியார் அசரவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வருகிறது. இதைப் படித்தபோது நான் நினைத்தது வேறு. அவ்வளவு படித்த மனிதர், தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று உணர்ந்த நாளை அறுபது வருடம் கழித்து ஒளிக்காமல் எழுதுகிறார். வெட்கப்பட்ட நாளை அவ்வளவு துல்லியமாக யார் எழுதுவார்கள்?

ஆனால் எங்கள் வீட்டில் தங்கிப்போனது இன்னோர் இடம். 1876 பிப்ரவரி 1. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறையில் சாகக் கிடக்கிறார். அவர் குறிப்புக் காட்ட, மாணவர் திருவாசகத்தை எடுத்து அடைக்கலப்பத்தைப் படிக்கிறார். ஆசிரியரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர் சவேரிநாத பிள்ளை, இன்னொரு மாணவர், கிறிஸ்தவர். அந்தப் பக்கத்தை நான் அம்மாவுக்குப் படிக்கிறேன். அதில் ஒருவர் தன் ஆசிரியருக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். என் குரல் எங்கே, அவர் குரல் எங்கே என்று ஒரு கணம் தெரியவில்லை. தொடர முடியாமல் நிறுத்தினேன். அன்றைக்கு ரயிலும் வரவில்லை. அம்மா கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டு, “படி, அவரு நிறுத்தலியே” என்றார்.

அம்மாவுக்கு இந்தப் புத்தகத்தின் மேல் இரண்டு குறை உண்டு. ஒன்று, “அவரு சம்சாரம் என்ன சொன்னாங்களாம்?” என்று அடிக்கடி கேட்பார். அந்த அம்மாளைப் பற்றிப் புத்தகத்தில் அதிகம் இல்லை. ஏடு தேடி அலைந்த அத்தனை வருடமும் அடுப்பைப் பார்த்துக்கொண்டது யார் என்ற கேள்வி நியாயமானது, நானும் அதில் அம்மா பக்கம்தான். இரண்டாவது குறை, கதை முடியாமல் நிற்பது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் தொடர் நின்றுபோனது. “இன்னும் நாப்பது வருசம் பாக்கி இருக்கே” என்று அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டார்.

திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ 1944இல் வந்தது. எங்களுக்கு அது பக்கத்துத் தெருக் கதை. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பி.பி.வாடியாவோடும் செல்வபதி செட்டியாரோடும் நின்றவர் அவர். என் அப்பா மில் தொழிலாளி. மில் சங்கு ஊதினால் அடுப்பில் உலை வைத்த காலம் அம்மாவுக்கு இன்றும் காதில் இருக்கிறது. திரு.வி.க.வின் தமிழைக் கண்ணால் படித்தால் கொஞ்சம் கனமாகத் தெரியும். வாய்விட்டுப் படித்தால் மேடைப்பேச்சு மாதிரி தானாக ஏறி இறங்குகிறது. மூச்சு எங்கே விட வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுக்கிறார்.

ஒரு குறை எனக்கு இருக்கிறது. அதை அந்தப் புத்தகத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். 1921இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தத்தில் ஒரு பக்கமும் வேலைக்குப் போனதில் ஒரு பக்கமுமாகத் தொழிலாளர்களே சாதியால் பிரிந்து நின்ற காலம் அது. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான எம்.சி.ராஜா தம் மக்களுக்காகக் குரல் கொடுத்தார். தலைவர்கள் சொன்னதெல்லாம் நமக்குக் கிடைக்கிறது. எரிந்த குடிசைக்குள்ளிருந்து பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருத்தி சொன்ன கதை எங்கே? நான் தைத்துக் கொடுக்கும் வீடுகளில் அவளுடைய கொள்ளுப்பேத்திகள் இருக்கலாம். அதை யாராவது எழுதினால் அம்மாவுக்கு முதலில் படித்துக் காட்டுவேன்.

திரு.வி.க.வுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. அப்போதும் அவர் செய்யுள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். இதை நான் பேச்சுவாக்கில் சொன்னேன். “கண்ணு போனப்புறமா?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். அவ்வளவுதான், அப்போது வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாகப் படித்தது வெ.சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்தியவர். பிளாட்டோவையும் கார்ல் மார்க்ஸையும் தமிழுக்குத் தந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடுமாக நடந்து இந்தியாவுக்குத் திரும்பினார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். சர்மாவும் அவர் மனைவியும் 1942இல் அப்படி நடந்தவர்கள். அவர் எழுத்தில் ஒப்பாரி இல்லை. எங்கே தங்கினோம், என்ன கிடைத்தது, எவ்வளவு தூரம் நடந்தோம் என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டு போகிறார். அந்த நிதானம்தான் என்னை நடுங்க வைத்தது.

இந்தப் புத்தகத்தை நான் வேண்டுமென்றே எடுத்தேன். அம்மா பிறந்தது ரங்கூனில், 1953இல். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிகளை அரசு எடுத்துக்கொண்டபின் லட்சக்கணக்கில் நம்மவர்கள் கிளம்பினார்களே, அதில் ஒரு குடும்பம் எங்களுடையது. 1965இல் கப்பலில் வந்து சென்னையில் இறங்கியபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வியாசர்பாடியில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கிற கடை இருக்கிற காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனால் பர்மாவைப் பற்றி அம்மா எங்களிடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. மொய்ங்கா என்கிற மீன்சாறு நூடுல்ஸில் வாழைத்தண்டு போடுவது வரைதான் அவர் பர்மா.

மலைப்பாதையில் தண்ணீருக்குத் தவிக்கிற இடம் வந்தது. அம்மா கையைத் தூக்கினார். ரயில் ஒன்றும் வரவில்லை. “டப்பா” என்றார்.

எங்கள் தாத்தாவிடம் ஒரு பால்மாவு டப்பா இருந்தது. வாயருகே இரண்டு ஓட்டை போட்டு, கம்பி வளைத்துக் கைப்பிடி. அடிப்பக்கம் ஒடுங்கி, உள்ளே துருவேறிக் கறுத்திருக்கும். நானே பார்த்திருக்கிறேன். தூங்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்வார். ரேஷன் கடைக்குப் போனாலும் கையில் அது இருக்கும். பாட்டி திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். அம்மாவுக்குச் சின்ன வயதில் அது அவமானமாக இருந்ததாம், கூட விளையாடுகிற பிள்ளைகள் பிச்சைக்காரன் டப்பா என்று கேலி செய்வார்களாம். தாத்தா 1942இல் நடந்து வந்தவர், யுத்தம் முடிந்ததும் பிழைப்புக்காகத் திரும்பவும் பர்மாவுக்கே போனவர் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். நடந்தார் என்று தெரியும், எப்படி நடந்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் போன பிறகு அந்த டப்பாவில் அம்மா பல வருடம் அரிசி அளந்தார். ஒரு மழைவெள்ளத்தில் அதுவும் போனது.

“அது தண்ணி மொள்றதுக்கு” என்றார் அம்மா. எழுபது வயதுக்கு மேல், ஒரு புத்தகத்தின் நடுவில், தன் அப்பாவின் டப்பா எதற்கு என்று அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை. மறுநாள் நான் புத்தகத்தை எடுத்தபோது, “அத அப்புறம் படிக்கலாம், ஒரு நோட்டு எடு” என்றார்.

கையில் இருந்தது என் அளவு நோட்டுதான். முன்பக்கத்திலிருந்து மார்பு, தோள், கை உயரம் என்று ஊராருடைய அளவு. பின்பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன். அம்மா சொல்லச் சொல்ல, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுகிறேன். திருத்தினால் கண்டுபிடித்துவிடுவார். முப்பத்தெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. சர்மா புத்தகம் பாதியில் நிற்கிறது. நூலகர் தயவுசெய்து இன்னும் இரண்டு வாரம் அவகாசம் தர வேண்டும்.

நேற்று கப்பல் ஏறுகிற இடத்துக்கு வந்திருக்கிறோம். தாத்தா முன்னால் போகிறார். பாட்டி கைக்குழந்தையோடு நடுவில். அம்மா கடைசியில், பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. அந்த டப்பா யார் கையில் இருந்தது என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். யோசித்து, இன்றைக்கு ராத்திரி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.